பண்ருட்டி பட்டதும் பேராவூரணி கேளாததும்: வட்டார இடர் மதிப்பீடு குறித்து

2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேட்டு நிலங்களில் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. ஏறத்தாழ ஏழாண்டு கழித்து, 2018 நவம்பர் 16 பின்னிரவில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதித் தென்னந்தோப்புகளை அதேபோலச் சாய்த்தது. ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் தேற்றிக்கொள்ளலாம். தோப்பு போனால் போவது பல ஆண்டு வருமானம். கடலூர் விலைகொடுத்து அறிந்த இதைத் தஞ்சை மாவட்டம் தன் இடர்க் கணக்கில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள என்ன வழி இருந்தது? வழியே இருக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் தனக்கொரு திட்டம் வகுத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். உள்ளாட்சிகளைக் கலந்து, தேசிய, மாநிலத் திட்டங்களை ஒட்டி எழுதப்படும் அது, மாநில ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போகும். தகவல் மேலேறுகிறது, ஆணை கீழிறங்குகிறது. பக்கத்து மாவட்டம் பட்டதைக் கேட்டு எழுது என்று திட்டம் பற்றிய பிரிவு சொல்லவில்லை.

எதை எண்ணுவது என்பதும் இந்தப் போக்கிலேயே முடிவாகிவிடுகிறது. தமிழகத்தில் பாதிப்புக்குள்ளாகும் இடங்களை நான்கு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். அளவுகோல், தேங்கும் நீரின் ஆழம்: ஐந்தடிக்கு மேல் நின்றால் மிக அதிகம், மூன்று முதல் ஐந்தடி அதிகம், இரண்டு முதல் மூன்றடி மிதம், அதற்குக் கீழே குறைவு. ஆட்களை மீட்கப் படகு எங்கே வேண்டும் என்று அறிய இது மிகப் பொருத்தமான பட்டியல். கஜாவின்போது முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்தியதில் இத்தகைய முன்தயாரிப்பின் பலன் தெரிந்தது. ஆனால் மேட்டில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பு இந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இடம்பெறாது. தண்ணீர் நிற்காத இடம் அது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014ஆம் ஆண்டு அறிக்கையில் இடர் என்பதை ஆபத்து நிகழ்வு, அதன் வழியில் இருக்கும் உயிரும் உடைமையும், அவற்றின் நலிவு ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றாக வரையறுத்தது. நம் பட்டியல் முதலாவதில், அதிலும் வெள்ளத்தில், நின்றுவிடுகிறது.

தோப்பு அங்கே எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடையில் காவிரி நீர் எப்போது வரும், வருமா என்ற நிச்சயமின்மையும், நெல்லுக்கு ஆள் கிடைக்காத நெருக்கடியும் பலரைத் தென்னைக்குத் தள்ளின. வறட்சிக்கு அஞ்சி எடுத்த அந்த முடிவு, காற்றின் முன்னால் அவர்களை நிறுத்தியது. தகவமைப்பு என்று நாம் பாராட்டுவதே இன்னோர் இடருக்கு வித்தாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பண்ருட்டி விவசாயி ஒருவர் 2012இல் பேராவூரணிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் யாரும் தென்னையைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் தோப்பில் ஒரு பகுதியையாவது வேறு பயிருக்கு விடுவது, காப்பீடு பற்றி விசாரிப்பது, விழுந்த மரத்தை எப்படி அகற்றுவது என்ற பேச்சாவது தொடங்கியிருக்கும்.

அகற்றுவது சிறு விஷயமில்லை. கஜாவுக்குப் பின் அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. காய்த்துக்கொண்டிருந்த மரத்தின் மதிப்பும் அதைத் தூக்கிப் போடும் கூலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. கூலியைச் சேமிக்க மரத்தை அப்படியே கிடக்க விட்டால், மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிய மரங்களின் குருத்தைக் குடையும். மரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே நிவாரணம் என்பதால், கீற்று முடையும் பெண்களும் மட்டை உரிப்பவர்களும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தென்னைக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் இருந்தது. 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய், அதிலும் பெரும்பங்கு மானியம். இப்படியொன்று இருப்பதை ஊரில் நம்பத்தக்க ஒருவர் வந்து சொல்வதற்கும் சுற்றறிக்கை சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது.

அனுபவத்தை அளவுக்கு மீறி நம்புவதும் ஆபத்து என்ற மறுப்பு எழும். அதில் உண்மை இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் 1992 வெள்ளம்தான் நெடுங்காலமாக அளவுகோல். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த சுமார் 95 செ.மீ. மழை, அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஆற்றில் வரும் வெள்ளத்தை எதிர்பார்த்துப் பழகிய ஊர்களில், தலைக்கு மேலிருந்தே கொட்டியது. உள்ளூர் நினைவு அங்கே உதவவில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரே ஊரைப் புயலோ பெருமழையோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தாக்கலாம், ஆயிரம் கி.மீ.க்கு மேல் நீளும் நம் கடற்கரையில் எங்கோ ஓரிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிபடுகிறது. சொந்த ஊரின் கடந்த காலம் இனி போதாது என்றால், அடுத்து கைக்கு எட்டும் சான்று அடுத்த ஊருடையது.

மீனவர்கள் இந்த அனுபவப் பகிர்வை ஓரளவு தாமாகவே செய்கிறார்கள். மேலிருந்து வரும் எச்சரிக்கை எட்டாத நேரமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வேகமாக வலுத்தபோது, ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் தூத்தூர்ப் பகுதிப் படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவி பிறகு, 2019இல், அறிமுகமானது. தாமே பேசிக்கொள்ளும் வழிக்கு எடுத்துக்காட்டாக, பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியில் காற்றும் நீரோட்டமும் மீனவரின் பேச்சிலேயே அலசப்படுகின்றன. உழவர்களிடையேயும் இத்தகைய பகிர்வு வேண்டும்.

2022இல் தமிழ்நாடு மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்தது; அதன் தலைமைப் பொறுப்பு ஆட்சியரிடம். ஆட்சியர்கள் மாறுவார்கள், நினைவும் அவர்களோடு மாறுதலாகிப் போகும். ஆகவே பகிர்வின் அலகு மாவட்ட அலுவலகமாக இருக்கக் கூடாது என்பேன். கிராம சபையாக இருக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை எப்படியும் அது கூட வேண்டும். அதில் ஒன்றில், நவம்பர் 1 கூட்டத்திலேயே, முன்பு அடிபட்ட வேறொரு மாவட்டத்து ஊராட்சியிலிருந்து இருவரை அழைத்துக் கேட்கலாம்: எது விழுந்தது, எது நின்றது, எந்தப் படிவம் திரும்பி வந்தது, கடன் எப்போது முடிந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் நேரம் அது என்பதால் அக்டோபர் 2 இன்னும் பொருத்தம் என்று சிலர் சொல்லக்கூடும், அதையும் ஏற்கலாம். வருகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து தருவது என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டியது.