ஓய்வுக்குப் பின் உ.வே.சாமிநாதையர்

உ.வே.சாமிநாதையரின் (1855–1942) புகழ் பெரும்பாலும் சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகளைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. 1919இல் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் அவர்தம் எழுத்துப்பணி தொய்வுறவில்லை. புதிய துறைகளிலும் விரிந்தது. பெருங்கதையை 1924இல் பதிப்பித்தார்; 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933–34இல் இரு பாகங்களாக வெளியிட்டார். குறுந்தொகையின் பழைய உரை கிடைக்காமையால், தாமே உரை வகுத்து 1937இல் பதிப்பித்தார். பண்டை உரைகளைத் தேடிப் பதிப்பித்தவர் இங்கு உரையாசிரியராகவே நிற்கிறார். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ அவர் மறைவால் முற்றுப்பெறவில்லை. ஆகவே, இக்காலத்தை முற்காலப் பணியின் பின்னிணைப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏடுகளிலிருந்த பிறர் நூல்களைக் காத்தவர், தம் நினைவிலிருந்த தமிழ்க்கல்வி மரபை எழுத்தாக்கிக் காத்த காலம் அது.