தாய் ஒரு சாதி, சேய் ஒரு சாதி

கடற்சாமந்தி என்ற பெயரைக் கேட்டு அதைப் பூவென்று எண்ணிவிடல் வேண்டா. அது ஊன் உண்ணும் பிராணி. பாறையைப் பற்றி வாழும் அவ்வினத்தைப் படத்திலேனும் பலர் கண்டிருப்பர். அதன் தூரத்து உறவாய், கடலடிச் சேற்றில் தானே ஓர் உறை நெய்து அதனுள் குடியிருப்பது மற்றொன்று. அறிஞர் அதற்கு இட்ட பெயர் செரியாந்தஸ். நாம் அதனைக் குழாய்ச் சாமந்தி என்போம். தேயிலை மலைமேல் இருக்கும் நமக்குக் கடற்பிராணியின் வரலாறு எதற்கு என்பார் உளர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் நாட்கணக்கில் கடந்தது கடலன்றி வேறு யாது?

1846-ம் ஆண்டில் நார்வே நாட்டு மைக்கேல் சார்ஸ் என்பார், பாதிரியாராக இருந்துகொண்டே கடலை ஆராய்ந்தவர், நீரில் மிதந்து திரியும் ஒரு சிற்றுயிரை விவரித்தார். சிலந்தியின் கால்கள்போல் நீண்ட கைகள் அதற்கு இருந்தமையால் ஆரக்னாக்டிஸ் எனப் பெயர் சூட்டித் தனிப் பிராணியாகவே ஏட்டில் ஏற்றினார். பின்வந்தோர் ஆராய்ந்தபோதோ, அது தனிப் பிராணியன்று, குழாய்ச் சாமந்தியின் சேயே என்பது வெளியாயிற்று. சேற்றில் அமர்ந்த தாய்க்கு ஒரு சாதியும் நீரில் அலையும் பிள்ளைக்கு வேறொரு சாதியும் கற்பித்திருந்தனர்! தோற்றத்தைக் கண்டு பிரிப்பதில் நம்மவர்க்குள்ள திறமை பிறர்க்கும் உண்டுபோலும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. முன்னோர் எழுதிவிட்டார், இனி மாற்றலாகாது என்று அங்கே எவரும் வழக்காடவில்லை; ஏட்டைத் திருத்தினர். இப்பிராணியும் பாறைச் சாமந்தியும் ஒரே இனமல்ல, இது தனிக் கிளை என்பதும் அவ்வாறே பின்னர்த் தெளிந்தது.

இதன் உறை வியப்புக்குரியது. உடலிலிருந்து நுண்ணிய கூடுகள் வெடித்து, மடித்து வைத்த நூலைப்போன்ற பசையிழைகளை வெளிவிடுகின்றன. அவ்விழைகள் பின்னிக்கொண்டு மணலையும் சேற்றையும் பற்றித் தடித்த கம்பளிபோல் ஆகின்றன. கொட்டி இரை பிடிக்கும் கூடுகள் வேறு. உறை நெய்யும் கூடுகள் வேறு. இவை தனி வகையென மாரிஸ்கல் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-ல் எடுத்துக்காட்டினர். வாயைச் சுற்றிக் குறுங்கைகள் ஒரு வட்டம், விளிம்பில் நெடுங்கைகள் ஒரு வட்டம். நிழல் பட்டதும் முழுவதும் உறைக்குள் மறைந்துவிடும்.

அவ்வுறையின் சுவரில் கறுத்த புழுக்கள் கூட்டமாய்க் குடியிருப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹாஸ்வெல் 1883-ல் அவற்றை விவரித்தார். அவை நீரை வடித்து உண்பன. வீட்டுக்காரர் உணவில் கைவைப்பதில்லை. லயத்தில் இப்படிப்பட்ட அண்டைவீட்டார் கிடைத்தால் சண்டை எங்கே?

இவற்றைக் காண ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் உபின் தீவின் செக் ஜாவாக் கரையில், நீர் வற்றும் வேளையில் காணலாம். அக்கரையை மண்ணிட்டு மூடி நிலமாக்கத் திட்டமிருந்தது. பொதுமக்கள் திரண்டு சென்று பார்த்தனர். தொண்டர்கள் உயிர்களைக் கணக்கெடுத்தனர். 2001-ம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. கரை தப்பிற்று. எனினும் 2007-ன் தொடக்கத்தில், ஜோகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் வந்து கலந்து உப்புக் குறைய, அங்கு எண்ணற்ற உயிர்கள் மடிந்தன. மலைமழை கீழே சென்று என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. பின்னர்ச் சிறுகச் சிறுக உயிர்கள் திரும்பின. வெறுமையான கரைக்குச் சேற்றில் ஊன்றிய தாய் நடந்து வர இயலாது. அலையில் மிதந்து வரக்கூடியது, சார்ஸ் வேறு சாதியென்று எழுதிய அந்தச் சேய்தான்.