எலுமிச்சம்பழக் கணக்கு

மூன்று பத்திரிகைகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கட்டுரை அது. எழுதியவர் பெயர் ஜார்ஜ் அகர்லாஃப். அமெரிக்காவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எகனாமிக்ஸ் வாத்தியார். 1966-67ல் உட்கார்ந்து எழுதினார். எடுத்துக்கொண்ட விஷயம், செகண்ட் ஹேண்ட் கார்.

முதல் பத்திரிகை, இந்த மாதிரி அற்ப விஷயத்தையெல்லாம் நாங்கள் போடுவதில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டாவதும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. மூன்றாவது பத்திரிகையின் பதில் இன்னும் விசேஷம். நீர் சொல்வது சரியென்றால் உலகத்தில் எந்தச் சரக்குமே விலை போகாதே, ஆகவே தப்பு!

நான்காவதாக ஒரு பத்திரிகை துணிந்து, 1970 ஆகஸ்டில் வெளியிட்டது. மொத்தமே 13 பக்கம். 2001ல் அகர்லாஃபுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தபோது, அவர் பங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தது அந்த 13 பக்கம்தான்.

அப்படி என்னதான் எழுதினார்?

ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கணக்கு நம்முடையது, தத்துவம் அவருடையது. ஊரில் 100 பழைய கார்கள் விலைக்கு இருக்கின்றன. 50 தங்கமான வண்டி. 50 டப்பா. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பளபளப்பு. நல்ல வண்டி கிடைத்தால் நீங்கள் மூன்று லட்சம் தரத் தயார். டப்பா என்று தெரிந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் தரமாட்டீர்கள். எது எது என்று தெரியாதபோது? இரண்டுக்கும் நடுவாக, இரண்டு லட்சம் என்பீர்கள். நியாயம்தானே?

இப்போது விற்கிறவர் பக்கம் வாருங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும். இரண்டே முக்கால் லட்சத்துக்குக் குறைந்து கொடுக்க அவருக்கு மனசு வராது. 'போய்யா, நானே ஓட்டிக்கிறேன்' என்று வண்டியைத் திரும்ப ஷெட்டில் விட்டுவிடுவார். டப்பா வைத்திருப்பவரோ இரண்டு லட்சம் என்றதும் ஓடி வந்து கைகொடுப்பார். ஆக, சந்தையில் மிச்சம் நிற்பது அத்தனையும் டப்பா. நாலு பேர் ஏமாந்ததும் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். விலை ஒரு லட்சத்துக்கு இறங்கிவிடும்.

நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். மூன்று லட்சம் கொடுக்க ஒருவர் தயார். இரண்டே முக்காலுக்கு விற்க இன்னொருவர் தயார். ஒரே ஊரில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஆனாலும் வியாபாரம் நடக்காது. ஏனென்றால், நல்லவர் தன்னை நல்லவர் என்று நிரூபிக்க வழியில்லை. பொய் சொல்கிறவரும் அதே வசனத்தைத்தான் சொல்கிறார்.

ஷோரூமை விட்டு வெளியே வந்த மறுநாளே புது வண்டியின் விலை ஏன் தடாலென்று விழுகிறது என்பதற்கும் அகர்லாஃபிடம் பதில் இருந்தது. ஒரே மாதம் ஓட்டிய வண்டியை ஒருவர் விற்க வருகிறார் என்றால் நம் மனசு என்ன கேட்கும்? 'எதுக்கு விக்கிறார்?' அந்தச் சந்தேகத்துக்குத்தான் அவ்வளவு தள்ளுபடி.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட டப்பா வண்டிக்குச் செல்லப்பெயர் லெமன். எலுமிச்சம்பழம். நாம் புது வண்டிக்குப் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அங்கே வண்டியே எலுமிச்சம்பழம்!

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அகர்லாஃப் 1967-68ல் இந்தியாவில் இருந்தார். டெல்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். கட்டுரைக்குள் நம் ஊர் வட்டிக்கடைக்காரர்கள் வருகிறார்கள். நம் வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். கடையில் வாங்கிய அரிசியில், வேண்டுமென்றே கலந்த அதே நிறக் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கல்லும் அரிசியும் ஒரே மாதிரி தெரிகிறவரை, நல்ல அரிசி விற்கிற கடைக்காரருக்கும் கெட்ட பெயர்தான். முறத்தோடு உட்கார்ந்திருந்த நம் பாட்டிமார்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான்!

சாதாரண அமெரிக்கனுக்கும் இது புதிதில்லை. 1960 ஜனாதிபதித் தேர்தலில் நிக்ஸனைக் கவிழ்க்க எதிராளிகள் பெரிதாக எதையும் தேடவில்லை. அவர் படத்தைப் போட்டு, 'இந்த ஆளிடம் பழைய கார் வாங்குவீர்களா?' என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு மனிதனை நம்பலாமா கூடாதா என்பதற்கு அதைவிடப் பெரிய பரீட்சை அந்த ஊரில் இல்லை.

சரி, விலையாவது தெரியுமா? லாஸ் ஏஞ்சலீஸில் லெஸ் கெல்லி என்று ஒரு பழைய கார் வியாபாரி. 1926ல், எந்த வண்டிக்கு என்ன விலை என்று போட்டு 'புளூ புக்' கொண்டுவந்தார். பிரமாதமாக ஓடியது. ஆனால் அதைப் புரட்டியவர்கள் டீலர்களும் பாங்க்காரர்களும்தான். பொதுஜனத்துக்கென்று தனிப் பதிப்பு வந்தது 1993ல். 67 வருடம்! அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையில் புத்தகம், இந்தப் பக்கம் இருந்தவர் கையில் பர்ஸ்.

அரசாங்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. கிலோமீட்டர் மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றுவதை 1972ல் மத்தியச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எவ்வளவு தூரம் ஓடியது என்பதை விற்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வியாபாரத்தைக் கண்காணிக்கிற ஃபெடரல் டிரேட் கமிஷன் 1981ல் ஒரு விதி கொண்டுவந்தது. பழைய கார் விற்கிற டீலர், வண்டியின் கண்ணாடியில் ஒரு விவரச் சீட்டு ஒட்ட வேண்டும். தனக்குத் தெரிந்த பெரிய குறைகளை அதில் எழுதிவிட வேண்டும். வண்டியைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடி என்றுகூடச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல். அவ்வளவுதான்.

டீலர்கள் சங்கம் பொங்கி எழுந்தது. வாஷிங்டனில் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார்கள். 1982 மே மாதம் அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. செனட்டில் 69க்கு 27, கீழ்ச்சபையில் 286க்கு 133. மறுவருடம் சுப்ரீம் கோர்ட், அப்படித் தள்ளுபடி செய்த முறையே செல்லாது என்றது. விதி பிழைத்தது என்றுதானே நினைப்பீர்கள்? ம்ஹூம். கமிஷன் 1984ல் விதியைத் திருத்தி எழுதியபோது, 'தெரிந்த குறையைச் சொல்' என்ற வரியைக் காணோம். 1985ல் அமலுக்கு வந்த சீட்டில் வாரண்டி உண்டா இல்லையா என்று இருந்தது. உங்கள் சொந்த மெக்கானிக்கை வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள் என்ற யோசனையும் இருந்தது. விற்கிறவர் மனசுக்குள் இருப்பது மட்டும் சீட்டுக்கு வரவில்லை.

ஒரே ஒரு வரியை எடுக்க இவ்வளவு பாடு ஏன்? அந்த வரியில்தான் லாபமே இருக்கிறது. பழைய கார் வியாபாரத்தில் விலைபோவது இரும்பும் ரப்பரும் மட்டுமல்ல. அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத சங்கதிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

நம் ஊரில் நெடுங்காலம் கதை தலைகீழ். அம்பாஸிடரும் ஃபியட்டும் புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். உடனே கிடைக்கிறது என்பதற்காகவே ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிட அதிக விலை கொடுத்தவர்கள் உண்டு. கிடைத்ததே பெரிசு, இதில் குறை என்ன நிறை என்ன! 1983ல் மாருதி வந்தது. 1993ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. புது வண்டிகள் குவியக் குவியத்தான் பழைய வண்டியை நாம் சந்தேகத்தோடு பார்க்கப் பழகினோம். அகர்லாஃப் நோபல் வாங்கிய அதே 2001ல்தான் மாருதி, பழைய கார்களைத் தன் பெயரில் விற்கும் ட்ரூ வேல்யூ கடைகளை ஆரம்பித்தது. 13 பக்கத்தில் அவர் சொன்ன மருந்துகளில் இரண்டு, உத்தரவாதமும் பிராண்ட் பெயரும். பெயர் கெட்டால் நஷ்டப்படுகிறவர் பொய் சொல்ல யோசிப்பார், அதனால்.

சரி, வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. வாங்கலாமா?

விலையை விடுங்கள். முதலில் அந்த இடைவெளியைக் குறையுங்கள். வருகிறோம், அதுவரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். சூடான இன்ஜின் பல நோய்களை மறைக்கும். மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால், இரண்டில் ஒன்று பொய். ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். டயரில் கடைசி நான்கு எண்கள் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்பதைச் சொல்லிவிடும். ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், பாங்க் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக். அவருக்குச் சில ஆயிரம் கொடுப்பது செலவு இல்லை. அந்தப் பக்கம் இருக்கிற தகவலை விலைக்கு வாங்குகிறீர்கள். 'மெக்கானிக்கெல்லாம் எதுக்கு சார், என்மேல நம்பிக்கை இல்லையா?' என்று விற்கிறவர் முகம் சுளித்தால், அதுவும் ஒரு தகவல்தான். கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அநியாயத்துக்கு மலிவாகச் சொன்னாலும் அப்படியே. அந்த விலை ஏதோ சொல்ல வருகிறது.

ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதையும் தள்ளிப் போடாதீர்கள். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே ஓனர் என்று சுப்ரீம் கோர்ட் 2018ல் சொல்லிவிட்டது. பல கை மாறிப் போனாலும் விற்றவர்தான் மாட்டுவார்.

என்றைக்காவது நீங்களும் விற்கிறவர் நாற்காலியில் உட்காருவீர்கள். உங்களுடையது தங்கமான வண்டியாகவே இருக்கலாம். வந்தவர் நம்பாமல் விலையைக் குறைத்துக் கேட்பார். கோபம் வரும். அப்போது வாய் வார்த்தை எதுவும் உதவாது. பத்திரமாக வைத்திருந்த சர்வீஸ் பில்களை எடுத்து மேஜையில் வையுங்கள். தெரிந்த குறை ஒன்றிரண்டு இருந்தால் அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். 'நீங்களே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லுங்கள். டப்பா வைத்திருப்பவரால் சொல்ல முடியாத வசனம் அது.