டூல்பாக்ஸ் கூட்டம்

கட்டுமானம், மின்கம்பிப் பணி, ரயில்பாதைப் பராமரிப்பு போன்ற ஆபத்து மிகுந்த தொழில்களில், வேலையில் இறங்குமுன் ஒரு குழுவினர் அந்த இடத்திலேயே கூடி நின்று நடத்தும் சுருக்கமான பாதுகாப்புக் கூட்டம். ஃபோர்மேனோ மேஸ்திரியோ நடத்துவார். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் டெயில்கேட் கூட்டம் என்றும் சொல்வார்கள். இந்தியத் தளங்களில் டிபிடி (டூல்பாக்ஸ் டாக் என்பதன் சுருக்கம்), தமிழர்கள் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரில் டூல்பாக்ஸ் மீட்டிங்.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அதன் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளில் 1509ஆம் பிரிவு, குறைந்தது 10 வேலை நாட்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தன் குழுவுடன் இக்கூட்டத்தை நடத்த வேண்டும் என்கிறது. அங்கே கட்டுமானம், விவசாயம் உள்ளிட்ட சில வெளிப்புறத் தொழில்களில் வெப்பம் 95 ஃபாரன்ஹீட்டை, அதாவது 35 செல்சியஸை எட்டினால், வேலைக்கு முன் தனியாக ஒரு கூட்டம் உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்கும்படியும், தேவைப்பட்டால் நிழலில் ஓய்வெடுக்கும் உரிமை இருக்கிறது என்றும் தொழிலாளர்களுக்கு அதில் நினைவூட்ட வேண்டும்.

மின்கம்பி வேலைக்கான அமெரிக்க மத்திய விதி இன்னும் கறாரானது. வேலையில் உள்ள ஆபத்துகள், செய்முறை, தனி முன்னெச்சரிக்கைகள், மின்சாரத்தைத் துண்டித்துக் கட்டுப்படுத்தும் முறை, அணிய வேண்டிய பாதுகாப்புச் சாதனங்கள் ஆகிய ஐந்தையும் பேசியே ஆக வேண்டும். நடுவில் வேலையின் தன்மை மாறினால் மறுபடி கூட வேண்டும். தனியாளாகப் போகிறவருக்குக் கூட்டம் தேவையில்லை. ஆனால் கூட்டம் நடந்தால் எப்படித் திட்டமிடுவாரோ அப்படியே அவர் வேலை திட்டமிடப்பட வேண்டும்.

இரவு மழை பெய்த மறுநாள் காலை, 6 அடி ஆழப் பள்ளத்தில் குழாய் பதிக்க இருவர் இறங்கப் போகிறார்கள் என்று கொள்வோம். ‘பார்த்து வேலை செய்யுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் அது கூட்டமே அல்ல. ஈரம் ஊறிய மண்ணுக்குக் கனம் கூடியிருக்கும், பிடிப்பு தளர்ந்திருக்கும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேலும் எடை வரும். சரிந்தால் கையால் தோண்டி ஆளை மீட்க நேரம் இருக்காது. மழைக்குப் பின் தகுதியுள்ளவர் பள்ளத்தைப் பார்வையிட்டாரா? ஆழம் 5 அடியைத் தாண்டியிருப்பதால், மண் சரியாமலிருக்க முட்டுக் கொடுப்பது போன்ற பாதுகாப்பு செய்தாயிற்றா? தோண்டிய மண் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் கிடக்கிறதா? ஏறிவர 25 அடிக்குள் ஏணி இருக்கிறதா? அமெரிக்க விதிகள் கேட்கும் இந்தக் கேள்விகளைத்தான் அன்று பேச வேண்டும். அன்றைய வேலைக்குச் சம்பந்தமில்லாத அச்சடித்த தாளை வாசிப்பது நேரத்தை வீணாக்கும்; அதைவிட மோசம், காது கொடுக்காமல் நிற்பதற்கு ஆட்களைப் பழக்கிவிடும்.

மொழியும் முக்கியம். தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் பயிற்சி இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் தெளிவுபடுத்தியது. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால், கேட்டதை ஒருவரைத் தம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லச் சொல்வதே நம்பகமான வழி.

பதிவேட்டைப் பொறுத்தவரை, கலிபோர்னியா விதிப்படி பயிற்சி பெற்றவர் பெயர், தேதி, பயிற்சியின் வகை, அளித்தவர் விவரம் ஆகியவற்றை எழுதிக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இது அடிமட்டத் தேவைதான். இடம், வேலை, தொழிலாளர்கள் எழுப்பிய குறைகள், அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்பதும் இருந்தால்தான் அந்தத் தாளால் பயன். ‘சாரத்தில் ஒரு பலகை ஆடுகிறது’ என்று ஒருவர் சொன்னதை எழுதிவிட்டு, மாற்றிய தேதியைக் காட்டாத பதிவு, நிர்வாகத்துக்கு ஆபத்து தெரிந்தே இருந்தது என்பதற்குச் சான்றாகிவிடும். கூட்டம் நடக்காமல் கையெழுத்து மட்டும் வாங்குவது மோசடி. விபத்து விசாரணையில் அந்தத் தாள் எவரையும் காப்பாற்றாது. தாமதமாக வந்தவருக்குத் தனியே விளக்கி, நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே வேலைக்கு அனுப்ப வேண்டும்.