கை காட்டியது முதல் கண் சிமிட்டும் விளக்கு வரை



மழை கொட்டும் ஒரு மாலை நேரம். நாற்சந்தி ஒன்றை நோக்கி ஒரு கார் போகிறது. அதன் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். முன்னே செல்லும் கார் திரும்பப் போகிறதா, நேரே போகப் போகிறதா? மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது உயிரைப் பற்றிய கேள்வி. கார் ஓட்டுகிறவரின் மனத்தில் இருப்பதை அவருக்கு அறிவிப்பது ஒரு சிறிய மஞ்சள் விளக்கு. அந்த விளக்கை எரிய வைப்பதோ ஓட்டுநரின் விரலுக்கு எட்டும் ஒரு சிறிய சுவிட்ச். இந்த விளக்கும் சுவிட்சும் எப்படி வந்தன, பழைய கார் வைத்திருப்போர் அவற்றை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் சைகை காட்டக் கருவி ஏதும் இல்லை. குதிரை வண்டிக்காரர் செய்ததையே கார் ஓட்டியவரும் செய்தார்; கையை வெளியே நீட்டினார். சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டும் நம் நாடுகளில் வலக்கையை நேரே நீட்டினால் வலப்புறம் திரும்புவதாகப் பொருள். அதே கையை வட்டமாகச் சுழற்றினால் இடப்புறம் திரும்புவதாகப் பொருள். பகலில், நல்ல வெயிலில், இது போதும். ஆனால் இரவில் யார் கையைப் பார்ப்பது? அடைமழையில் யார் கண்ணாடியை இறக்குவது?

இந்தக் குறையைப் போக்க முயன்றவர்களில் ஒருவர் திரைப்பட நடிகை என்றால் வியப்பாக இருக்கும். கனடாவில் பிறந்து, அமெரிக்க மௌனப் படங்களில் புகழ்பெற்ற புளோரன்ஸ் லாரன்ஸ், கார் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். 1914-ஆம் ஆண்டளவில் தம் காரின் பின்புறத்தில் ஒரு சைகைக் கையை அவர் அமைத்தார். பொத்தானை அழுத்தினால் அது எழுந்து நின்று திரும்பும் திசையைக் காட்டும். பிரேக்கை மிதித்தால், நிற்கப் போவதை அறிவிக்கும் பலகை ஒன்று எழும். இவற்றுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எனவே புகழும் பணமும் அவரைச் சேரவில்லை.

ஐரோப்பாவில் இந்த எண்ணம் வேறு வடிவில் வளர்ந்தது. இரயில் நிலையங்களில் இருந்த கைகாட்டி மரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதைச் சிறிதாக்கி, காரின் பக்கவாட்டில் பொருத்தினார்கள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1928-இல் இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிரிட்டிஷ் கார்களில் இதற்கு டிராபிகேட்டர் என்று பெயர். ஓட்டுநர் சுவிட்சைத் திருப்பியதும், கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரம் பாயும். சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு இழுபட்டதும், ஆரஞ்சு நிறக் கை ஒன்று கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து வெளியே எழுந்து நிற்கும். அதற்குள் ஒரு சிறிய பல்பும் எரியும். சுவிட்சை நிறுத்தினால் கை தன் எடையாலேயே கீழே விழுந்து மறைந்துகொள்ளும்.

விழுந்து மறைய வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் தூசியும் துருவும் சேர்ந்தால் கை பாதியில் நின்றுவிடும். சில வேளை எழவே எழாது. அப்போது ஓட்டுநர் தூணில் ஓங்கி ஒரு குத்துவிடுவார். கையும் அடிக்குப் பயந்த பிள்ளையைப் போலச் சொன்னபடி கேட்கும்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் நன்கு அறிந்த மோரிஸ் மைனர் காரை இங்கே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் இலண்டனில் அறிமுகமானது. உற்பத்தி முடிந்தபோது மொத்தம் ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. தொடக்கத்தில் இந்தக் காரின் இரு பக்கத் தூண்களிலும் டிராபிகேட்டர் இருந்தது. 1961-இல்தான் பிரிட்டனில் அது நீக்கப்பட்டு, கண் சிமிட்டும் விளக்கு வந்தது. ஜெர்மனியின் போக்ஸ்வேகன் வண்டு காரும் ஐரோப்பாவில் 1960 வரை இந்தக் கையோடுதான் ஓடியது.

அமெரிக்கா இவ்விஷயத்தில் முந்திக்கொண்டது. பியூக் நிறுவனம் 1939-ஆம் ஆண்டு மாதிரியில் காரின் பின்புறத்தில் மினுங்கும் திசை விளக்கை வைத்தது. மறு ஆண்டில் அது முன்புறத்துக்கும் வந்தது. திருப்பம் முடிந்ததும் சுவிட்ச் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் சேர்ந்தது. நின்று எரியும் விளக்கைவிட விட்டுவிட்டு எரியும் விளக்கே மனிதக் கண்ணை விரைவில் ஈர்க்கும். இந்த எளிய உண்மைதான் கைகாட்டியை வீழ்த்தியது.

விளக்கை மினுங்க வைப்பது எது? அந்தக் காலக் கார்களில் அது ஒரு சிறிய உலோக டப்பா. உள்ளே ஒரு மெல்லிய கம்பியோ உலோகத் தகடோ இருக்கும். மின்சாரம் பாயும்போது அது சூடாகி நீளும் அல்லது வளையும்; இணைப்பு மாறும். குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வரும். இணைப்பு மீண்டும் மாறும். ‘டிக், டிக்’ என்று நாம் கேட்கும் ஓசை அந்த இணைப்பு மாறும் ஓசையே. ஒரு பல்பு கெட்டுவிட்டால் பாயும் மின்சாரம் குறையும். சூடேறும் அளவும் மாறும். மினுங்கும் வேகம் மாறிவிடும், அல்லது மினுக்கம் நின்றுபோகும். ஆக, ஓசையைக் கேட்டே கோளாற்றைக் கண்டுபிடிக்கலாம்.

நிறத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் பல கார்களின் பின்புறத் திசை விளக்கு சிவப்பாக இருந்தது. பிரேக் விளக்கும் சிவப்பு, திசை விளக்கும் சிவப்பு என்றால் பின்னால் வருகிறவர் குழம்ப மாட்டாரா? அதனால் பிரிட்டன் 1965 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தைக் கட்டாயமாக்கியது.

இனி, டேஷ்போர்டு எனப்படும் முகப்புப் பலகைக்கு வருவோம். அக்காலக் கார்களில் அதன் மேல் இழுக்கும் குமிழ்களும் தட்டும் சுவிட்சுகளும் துருத்திக்கொண்டு நின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மோதல் நேர்ந்தால் அவை முழங்காலையும் முகத்தையும் பதம் பார்த்தன. 1965-இல் அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் கார்களின் ஆபத்துகளைப் பற்றி எழுதிய நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மறு ஆண்டே சட்டம் வந்தது. 1968 முதல் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஜாகுவார் இ-டைப் காரில் வரிசையாக நின்ற தட்டும் சுவிட்சுகள் அந்தக் காலத்தில்தான் மறைந்து, தட்டையான சுவிட்சுகள் வந்தன. ஆக, ஒரு சுவிட்சின் வடிவம் மாறியதற்குப் பின்னால் பலருடைய காயம் இருக்கிறது.

நேயர்களே, இன்றும் சிலர் மோரிஸ் மைனர் போன்ற கார்களைப் பிள்ளையைப் போலப் பேணி வருகிறார்கள். திசை விளக்கு எரியவில்லை, முகப்பு விளக்கு மங்கிவிட்டது என்றால், உடனே சுவிட்சைக் கழற்ற முனைகிறார்கள். அனுபவம் மிக்க பட்டறைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். முதலில் பல்பைப் பார்ப்பார். அடுத்து பியூசைப் பார்ப்பார். பின்பு விளக்கு காரின் உடலோடு இணையும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். நம் ஊரின் ஈரக் காற்றில் குறை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சோதனை விளக்கை வைத்து, சுவிட்ச் வரை வரும் மின்சாரம் சுவிட்சைத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகே அதன் மீது கை வைப்பார்.

கை வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. மைனர் காரில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். திசை விளக்குக்குப் பியூஸ் காவல் உண்டு. முகப்புப் பலகை விளக்குக்கும் பெரிய விளக்குக்கும் அந்தக் காவல் இல்லை. உயிருள்ள கம்பி ஒன்று தவறி உலோகத்தில் உரசினால், கம்பியே பழுத்துத் தீப்பற்றும்.

அடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் அடையாளச் சீட்டு கட்டி, தாளில் படம் வரைந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் கார்களில் கம்பியின் நிறமே ஒரு மொழி. பச்சையில் சிவப்புக் கோடு என்றால் இடப்புறத் திசை விளக்கு. பச்சையில் வெள்ளைக் கோடு என்றால் வலப்புறம். சிவப்பில் வெள்ளைக் கோடு முகப்புப் பலகை விளக்கு. கறுப்பு, காரின் உடலோடு சேர்வது. ஆனால் பல கை மாறிய காரில் யாரோ எப்போதோ வேறு நிறக் கம்பியைச் சேர்த்திருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பினாலும் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மைனர் காரில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் இது நேர்மாறு. இதை அறியாமல் புதிய மின்னணுக் கருவிகளைப் பொருத்தினால் அவை பாழாகும். எல்.இ.டி. விளக்கைப் போட்டாலும் சிக்கல்தான். அது இழுக்கும் சிறிதளவு மின்சாரத்தில் பழைய மினுக்கி டப்பா சூடேறாது.

டிராபிகேட்டர் உள்ள காரை என்ன செய்வது? அதை அப்படியே வைத்துக்கொள்வதா, புதிய விளக்கு பொருத்துவதா? பழைமையைக் காக்க விரும்புகிறவர்களிடையே இது பற்றி வாதம் உண்டு. கையை அகற்றினால் காரின் வரலாறு போய்விடும் என்பார் ஒருவர். பக்கவாட்டில் எழும் அந்தச் சிறிய கையை இன்றைய இளைஞர் எவரும் தேடிப் பார்க்க மாட்டார் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மையே. கையையும் வைத்துக்கொண்டு, மினுங்கும் விளக்கையும் கூடுதலாகப் பொருத்துவதே நல்ல வழி என்பது என் கருத்து. கை, காரின் சொந்தக்காரருக்காக; விளக்கு, பின்னால் வருகிறவருக்காக.

நாம் மழையில் பார்த்த அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு நம் காரின் வயது தெரியாது. அதன் அழகையும் அவர் பார்க்கப் போவதில்லை. நாம் எந்தப் பக்கம் திரும்புவோம் என்பது மட்டுமே அவருக்கு வேண்டும். திசை விளக்கு என்பது முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றும் சுவிட்ச், விலை குறைந்ததானாலும் மதிப்பில் குறைந்ததன்று.