பாட்டின் எழுத்தும் நம் பங்கும்

காரைக்கால் மண் பாட்டிற்குப் பெயர்பெற்ற மண். பண்ணமைந்த பதிகம் பாடிய காரைக்காலம்மையார் பிறந்த ஊர் இது. காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில்தான் திருஞானசம்பந்தர் ‘யாழ்முரி’ப் பதிகத்தைப் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. அப்பாட்டு தம் கருவியில் அடங்காமை கண்ட திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்க முற்பட, சம்பந்தர் தடுத்தருளினார் என்பர். யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். அக்காலச் சாதி வரிசையில் புறத்தே நிறுத்தப்பட்ட குலம் அது.

பின்னர் நிகழ்ந்ததை நம் இளைஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். சோழர் காலத்தில் தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தன. ஆனால் பாடும் முறையை அறிவார் இல்லை. அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சொல்லை ஏடு காத்தது. இசையைப் பாணர் குலப் பெண்ணின் நெஞ்சு காத்தது.

செவிவழிக் கல்வியின் பெருமை இது. அதன் இடர்ப்பாடும் இதிலேயே உண்டு. கற்பிப்போர் மறைந்தால் பாட்டும் மறையும். அவர் கதவடைத்தால் கற்க விழைவோன் தெருவில் நிற்பான். சிறுவயதில் நானும் அவ்வாறு நின்றவனே. ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும். சன்னலோரம் நின்று கேட்பேன். ஒருநாள் என் தெருவின் பெயரைக் கேட்டார்கள்; சொன்னேன். மறுநாள் முதல் சன்னல் அடைபட்டது.

இசைக்கு எளிய எழுத்து வேண்டும் என்னும் எண்ணம் இங்கிலாந்திலும் எழுந்தது. நாரிச் நகரில் சாரா குளோவர் என்னும் ஆசிரியை பள்ளிச் சிறுமியருக்காக ஒரு முறையை வகுத்தார். 1841இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர் மாநாடு ஒன்று எளிய பாட்டுமுறை காணும் பணியை ஜான் கர்வென் என்னும் போதகரிடம் ஒப்படைத்தது. அவர் குளோவரின் முறையைத் திருத்திப் பரப்பினார். அதுவே ‘டானிக் சொல்ஃபா’. விலையுயர்ந்த கருவி வேண்டா. ஐந்து கோடுகள் வேண்டா. எழுத்தறிந்த தொழிலாளியும் பாட இயலும்.

நமக்கு இம்முறை அயலானது அன்று. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்பவை நம் ச, ரி, க, ம, ப, த, நி போன்றவையே. வரிசையாகப் பாடினால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் கேட்கும். ‘ச’வைப் போல ‘டோ’வையும் பாடுவோர் குரலுக்கேற்ற எந்தச் சுருதியிலும் வைக்கலாம். முக்காற்புள்ளி அடுத்த தாளத் தட்டினைக் காட்டும். சிறு கோடு சுரம் நீள்வதைக் காட்டும்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பாடகர் குழுவொன்றில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்தது டெனர் பங்கு. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நால்வகைக் குரலும் ஒரே வேளையில் வெவ்வேறு சுரம் பாடி இசைவது அங்குள்ள முறை. நானோ எழுத்தைப் பாராது பக்கத்திலிருந்த நண்பரின் குரலைப் பற்றிக்கொண்டே பாடினேன். அவர் வாராத ஒரு நாளில் என் குரல் சொப்ரானோ மெட்டுக்குத் தாவிவிட்டது, அனைவரும் நகைத்தனர். அன்றுதான் எழுத்துக் கற்கத் தொடங்கினேன். முதலில் கைதட்டித் தாளம் மட்டும், அடுத்துச் சுரப்பெயர்கள், அவை வழுவாது வந்தபின் பாட்டின் சொற்கள். பிறகு பேஸ் பாடும் ஒருவருடன் இருவராய்ப் பயிற்சி, இறுதியில் நால்வரும். பிறர் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலில் நிற்பதே இதன் கடினம். ஆறு திங்களில் அது கைவந்தது.

இவ்வெழுத்தால் ஒரு நாடே பாடிய வரலாறும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே மிஷன் பள்ளி ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் விளங்கிய கறுப்பினத்தவர் ஈனோக் சொன்டோங்கா. 1897இல் அவர் இயற்றிய ‘நிகோசி சிகெலேல் ஐஆஃப்ரிகா’வைச் சொல்ஃபா எழுத்திலேயே எழுதினார். அது நிறவெறிக்கு எதிரான போராட்டப் பாடலாயிற்று. இன்று அந்நாட்டுத் தேசிய கீதத்தின் ஒரு பகுதியாயிற்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை எழுத்தைக் கற்றார். 2025 மார்ச் 8ஆம் நாள் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறிற்று. தமிழறியாத இசைஞர்கள் தாளில் கண்டவாறே அதனை வாசித்தனர்.

இளைஞர்களே! எழுத்தறிவு நம்மவர்க்கு மறுக்கப்பட்ட காலம் இருந்தது. அதை வென்றெடுக்கவே இத்தகைய கல்விச் சங்கங்கள் தோன்றின. இந்த வெள்ளிவிழா ஆண்டில் இசையின் எழுத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். வாரம் ஒரு மாலை, ஒரு கரும்பலகை, எட்டுப் பேர் இருந்தால் போதும். சொல்லித்தர நான் வருகிறேன். வகுப்பறையின் சன்னல்கள் திறந்தே இருக்கும்.