கோப்பிப் பொதியில் இல்லாத பெயர்கள்

நல்ல கோப்பி வேணுமெண்டால் தோட்டத்துக்கே நேரில போய் வாங்கவேணும் எண்டு இப்ப சொல்கிறார்கள். பொதியில் ஊர், உயரம், பழம் பறித்த விதம் எல்லாம் அச்சடித்திருக்கும். நல்ல விசயம்தான். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. இந்த மலைகளுக்குக் கோப்பி தேடி முதலில் போனவர்கள் யார்?

கண்டிப் பக்கத்து ஊர்களில் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே வீட்டுத்தோட்டங்களில் கோப்பி நின்றது. 1820களில் கம்பளைப் பக்கம் பெருந்தோட்டங்கள் தொடங்கிய பிறகும் கிராமத்துக் கோப்பி நிற்கவில்லை. முஸ்லிம் வியாபாரிகள் ஊர் ஊராகப் போய்க் கொட்டையை வாங்கினார்கள். பழத்தோடு காயவைத்த அந்தக் கோப்பிக்குக் கொழும்பில் விலை குறைவு. தோட்டக் கோப்பியைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைத்தார்கள். அதனால் அதற்கு விலை கூட. ஆக, 'தரம்' எண்ட சொல்லுக்குப் பின்னால் இயந்திரமும் முதலும் இருந்தன. காணியும் இருந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பிறகு, உரித்தைக் காட்ட முடியாத காடும் சேனையும் அரசின் கைக்குப் போய், அங்கிருந்து துரைமாருக்கு விற்கப்பட்டன.

சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கிறது கை வேலை. அந்தக் கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக 100 மைலுக்கு மேல் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் கன பேர் வழியிலேயே செத்துப் போனார்கள். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாகக் கூடவே வந்தது. அறுவடை முடிய, பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கோப்பிக்கு ஆண்டு முழுக்க அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை.

1869 இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் தெரியவந்தது. 1880களில் கோப்பி சரிந்துபோக, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து பருவம் பார்க்காது. அதைப் பறிக்க ஆண்டு முழுக்க ஆட்கள் வேணும். குடும்பங்கள் லயன்களிலேயே தங்கின, பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது இதுதான். 'வந்து போகிறவர்கள்' எண்ட பெயர் கோப்பிப் பருவத்தில் பிறந்தது. பருவம் போய்விட்டது, பெயர் போகவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியபோது, தலைமுறைகளாக இங்கேயே இருந்தவர்களை அந்தப் பழைய பெயராலேதான் அளந்தார்கள்.

2023 இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் திரும்ப நடந்தார்கள். அந்தப் பாதையைத் திறந்தது தேயிலை இல்லை, கோப்பி. இது பாடப்புத்தகத்தில் இரண்டு வரிக்குள் முடிந்துபோகிற கதையில்லை.

இண்டைக்குக் கொட்டை தேடி மலைக்குப் போறவர்கள் மண்ணையும் மழையையும் விசாரிக்கட்டும். பறிக்கிற ஆளுக்கு நாட்கூலி எவ்வளவு எண்டும் விசாரிக்கட்டும். உயரத்தை அச்சடிக்கிற பொதியில் அதற்கும் இடம் இருக்கு.